ஏற்காட்டில் ஒரு ராத்திரி, ஒரே ஒரு எபிசோடு: எதைப் போடலாம்?

இந்த அரையாண்டு லீவுக்கு எங்கள் வீட்டு ஆட்கள் ஒன்பது பேர் ஏற்காட்டில் ரெண்டு ராத்திரி தங்கப்போகிறோம். ஏழு மணிக்கே பனி இறங்கி வாசல் தெரியாமல் போய்விடும், அதற்கப்புறம் வெளியே போக வழியில்லை, அப்போது வேட்டியைச் சுவரில் கட்டி சின்ன புரொஜெக்டரில் ஏதாவது போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். எதைப் போடுவது என்பது இந்த முறை என் பொறுப்பு. ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடரில் இருந்து ஒரே ஒரு எபிசோடு, அதைப் பார்த்துவிட்டு இந்த வகைக் கதைகள் மேல் அவர்களுக்கு ஒரு ஆசை வரவேண்டும், அவ்வளவுதான். கடந்த ஒரு மாதமாக நாலு எபிசோடுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் இதே யோசனை இருந்தால் உதவும் என்று தோன்றியதால் நான் எடைபோட்ட விதத்தை எழுதுகிறேன். கதை முழுக்கச் சொல்லப்போகிறேன், முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வருஷம் நான் தேர்ந்தெடுத்தது தப்பாகிவிட்டது, அதிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொடரின் ‘33’ என்ற எபிசோடைப் போட்டேன். எதிரிகள் சரியாக 33 நிமிஷத்துக்கு ஒரு முறை வந்து தாக்குகிறார்கள், மனிதர்களின் கப்பல்கள் ஒவ்வொரு முறையும் தாவித் தப்பிக்கின்றன, அஞ்சு நாளாக யாருக்கும் தூக்கமே இல்லை. எனக்கு அது இன்றைக்கும் பிடித்த எபிசோடு, 2005-ல் சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கான ஹியூகோ விருதும் வாங்கியது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மினி சீரிஸ் இருக்கிறது, அதைப் பார்க்காதவர்களுக்கு யார் எதற்காக ஓடுகிறார்கள் என்றே பிடிபடாது. பத்து நிமிஷத்துக்குள் அம்மாயி, “இவன் யாரு கண்ணு, அவளுக்கு என்ன வேணும்?” என்று மூணு முறை கேட்டார், நான் மூணு முறையும் ஏதோ சொன்னேன், நாலாவது முறை அவர் கேட்கவில்லை, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அந்த நாலாவது கேள்வி வராமல் போனது என் மனசில் அப்படியே நிற்கிறது.

எனவே இந்த முறை முதலில் ஆட்களைப் பார்த்தேன். அம்மாயிக்கு 78 வயது, இங்கிலீஷ் தெரியாது. மாமா ஃபவுண்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், அத்தை சீரியல் விடாமல் பார்ப்பவர், அக்கா சேலம் கோர்ட்டில் வக்கீல், அவளுக்கு 14 வயதில் ஒரு பெண், 9 வயதில் ஒரு பையன். மற்றவர்கள் எதைப் போட்டாலும் பார்ப்பார்கள். படம் ஓட ஓட நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வரவேண்டும், அதனால் வசனம் எவ்வளவு நெரிசலாக இருக்கிறது என்பது இங்கே பெரிய விஷயம். முன்கதை தேவைப்படக்கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் முடியவேண்டும். அப்புறம் அந்தக் குட்டிப் பையன் ராத்திரி தூங்கவேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையில் அடிபட்டது ‘பிளிங்க்’. ‘டாக்டர் ஹூ’ தொடரில் 2007-ல் வந்த எபிசோடு, ஸ்டீவன் மொஃபட் எழுதியது. முன்கதை தேவைப்படாத எபிசோடு என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஏனென்றால் தொடரின் நாயகன், காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் டாக்டரே இதில் கொஞ்ச நேரம்தான் வருகிறார். கதை முழுக்க சாலி ஸ்பாரோ என்ற பெண்ணுடையது, கேரி மல்லிகன் நடித்திருப்பார். பாழடைந்த வீட்டில் கல் தேவதைச் சிலைகள், நாம் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அவை வெறும் கல், கண் சிமிட்டினால் நகர்ந்து வந்துவிடும், தொட்டால் நம்மைப் பழைய காலத்துக்கு அனுப்பிவிட்டு நாம் வாழாமல் விட்ட நாட்களைத் தின்னும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, செத்துப்போவது கூட முதுமையில்தான், ஆனாலும் முதுகுத்தண்டு சில்லிடும். ஆனால் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் பயமுறுத்தும் காட்சி அல்ல. பில்லி என்ற இளம் போலீஸ்காரர் சாலியிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டு போகிறார், அடுத்த சில நிமிஷத்தில் 1969-க்குத் தள்ளப்படுகிறார், அதே நாள் சாலிக்குப் போன் வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் போனால் கிழவராகப் படுத்திருக்கிறார். வெளியே அதே மழை. அந்த மழை நிற்கும் வரைதான் தனக்கு உயிர் என்று அவருக்குத் தெரியும். நாற்பது வருஷத்தை ஒரு மழைக்குள் அடக்கிய அந்தக் காட்சிக்காகவே இதைப் போடலாம்.

ஆனால் எங்களுக்கு ரெண்டு சிக்கல். அந்த எபிசோடு, ஊரில் இருக்கும் நிஜமான சிலைகளை ஒவ்வொன்றாகக் காட்டித்தான் முடிகிறது, நாங்கள் தங்கும் வீட்டு வாசலிலேயே குடத்தோடு நிற்கும் ஒரு சிமெண்ட் பெண் சிலை இருக்கிறது, பாத்ரூம் போக அதைத் தாண்டித்தான் போகவேண்டும். பனியில் அது பாதி தெரியும் பாதி தெரியாது. ஒன்பது வயதுப் பையனை அங்கே நிறுத்த எனக்கு மனசில்லை. ரெண்டாவது, கதை முன்னும் பின்னுமாகப் பின்னிக்கிடக்கிறது: டாக்டர் 1969-ல் இருந்து டிவிடிக்குள் பேசுகிறார், 2007-ல் சாலி பதில் சொல்கிறாள், அந்தப் பேச்சை ஒருவர் எழுதிவைக்க, எழுதியதைப் பார்த்துத்தான் டாக்டர் பேசியே இருக்கிறார். இதை ஓடும்போதே தமிழில் சொல்லிக்கொடுக்க முயற்சி பண்ணிப் பார்த்தேன், எனக்கே மூச்சு வாங்கியது. பகல் பதினொரு மணிக்கு, வெயில் அடிக்கும்போது, பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

மீதி மூணும் ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் இருந்து. 1987 முதல் 1994 வரை ஏழு சீசன் ஓடிய தொடர், ஒரு விண்கப்பலும் அதன் கேப்டன் பிக்கார்டும் அவர் ஆட்களும்தான் கதை, ஒவ்வொரு எபிசோடும் முக்கால் மணி நேரம், பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும் கதை. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பழைய முறைதான் வசதி, எட்டு மணி நேரம் பார்த்தால்தான் புரியும் என்று யாரிடமும் சொல்லவேண்டியதில்லை.

முதலாவது ‘த மெஷர் ஆஃப் எ மேன்’, 1989-ல் வந்தது, எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ், அவரே வக்கீலாக இருந்தவர். டேட்டா என்ற இயந்திர மனிதனைக் கழற்றிப் பார்த்து அதே மாதிரி நிறையச் செய்யவேண்டும் என்று ஒரு ஆராய்ச்சியாளர் வருகிறார். டேட்டா மறுக்கிறான், வேலையை ராஜினாமா செய்கிறேன் என்கிறான். ஒரு பொருள் எப்படி ராஜினாமா செய்யும் என்ற கேள்வி எழ, விஷயம் விசாரணைக்குப் போகிறது. ஆள் பற்றாக்குறையால் டேட்டாவின் நண்பன் ரைக்கர்தான் அவனுக்கு எதிராக வாதாடவேண்டும், ஒழுங்காக வாதாடாவிட்டால் வாதமே இல்லாமல் தீர்ப்பு வந்துவிடும். ரைக்கர் ஒழுங்காகத்தான் வாதாடுகிறான். டேட்டாவின் கையைக் கழற்றி மேஜை மேல் வைக்கிறான், கடைசியில் முதுகில் இருக்கும் சுவிட்சை அணைக்கிறான், டேட்டா அப்படியே மேஜை மேல் சாய்கிறான். அணைத்த பின் ரைக்கர் முகத்தைப் பாருங்கள். அந்த ஒரு முகத்தில் வழக்கு மொத்தமும் இருக்கிறது.

கம்ப்யூட்டரோடு எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் இந்த நாட்களில் இந்த எபிசோடு 1989-ஐவிட இன்றைக்குத்தான் அதிகம் உறைக்கிறது. எதிர்த்தரப்பு வாதத்தை வலுவில்லாமல் வைத்து நாயகனை ஜெயிக்கவைக்கும் வேலை இதில் இல்லை, டேட்டாவுக்கு ஆத்மா உண்டா என்ற கேள்விக்கு நீதிபதி விடை சொல்லவே இல்லை, அதைத் தேடிக்கொள்ளும் சுதந்திரம் அவனுக்கு உண்டு என்று மட்டும் சொல்கிறார். அக்காவுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் இது முழுக்க முழுக்கப் பேச்சு. நான் ஒரு வாதத்தைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பதில் வாதம் பாதி போயிருக்கும். அத்தையும் மாமாவும் என் வாயைப் பார்ப்பார்களே தவிரத் திரையைப் பார்க்கமாட்டார்கள். சேலத்தில் அக்கா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளும் நானும் மட்டும் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டியது இது, சண்டை போட நேரம் இருக்கவேண்டும்.

சரி, இப்போது நிஜமான போட்டிக்கு வருவோம். ரெண்டும் ஒரே சீசன், அஞ்சாவது. ஒன்று ஆரம்பத்தில் வந்தது, ஒன்று முடிவதற்குச் சற்று முன்.

‘டார்மாக்’ 1991 செப்டம்பரில் வந்தது. டமேரியர்கள் என்ற இனத்தோடு இதுவரை யாராலும் பேச முடிந்ததில்லை. கப்பலில் இருக்கும் மொழிபெயர்ப்புக் கருவி வார்த்தைகளை ஒழுங்காகத்தான் மாற்றித் தருகிறது, ஆனால் கேட்பது எல்லாம் “டார்மாக்கும் ஜலாடும், டனாக்ராவில்” என்பது மாதிரி இருக்கிறது. எதிர்க் கப்பலின் தலைவன் டேத்தன், கேப்டன் பிக்கார்டைத் தன்னோடு சேர்த்து ஒரு கிரகத்தில் இறக்கிவிடுகிறான், கையில் ரெண்டு குத்துவாள், சுற்றிலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு மிருகம். சண்டைக்குக் கூப்பிடுகிறான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிக்கார்டுக்கு விளங்குகிறது, இவர்கள் எதைச் சொன்னாலும் தங்கள் புராணத்தில் இருந்து ஒரு காட்சியைச் சொல்லித்தான் சொல்கிறார்கள், டார்மாக்கும் ஜலாடும் தனித்தனியாக வந்து ஒரு தீவில் ஒரே எதிரியோடு சேர்ந்து சண்டை போட்டு நண்பர்களாகத் திரும்பியவர்கள், டேத்தன் விரும்பியதும் அதுதான்.

இது எங்கள் வீட்டில் எப்படிப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாயி பேசுவதே அப்படித்தானே. மாமா சீட்டுப் பணத்தை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தால் அம்மாயி வாயில் வருவது “கர்ணன்” என்ற ஒரு சொல் மட்டும், அதில் பாராட்டும் இருக்கும் கோபமும் இருக்கும். பக்கத்து வீட்டுச் சண்டைக்கு “சகுனி வேலை”, பாதியில் நின்ற வீட்டுக்குத் “திரிசங்கு சொர்க்கம்”, எழுப்பினால் எழாத பேரனுக்குக் கும்பகர்ணன். கதை தெரியாத ஒரு வெளியூர்க்காரனுக்கு வார்த்தை எல்லாம் புரியும், விஷயம் ஒன்றும் புரியாது. அந்தக் கப்பலில் இருப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடத்தில் நம் வீட்டுப் பாட்டிகள் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் பந்தயமே கட்டுவேன். தமிழில் சொல்லிக்கொடுப்பதும் சுலபம், ஒரே சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன, நான் வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு அர்த்தத்தைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் போதும்.

டேத்தனாக நடித்த பால் வின்ஃபீல்டை இங்கே சொல்லியே ஆகவேண்டும். முகம் முழுக்க மேக்கப், பேசுவது புரியாத மொழி, ஆனால் குளிரில் உட்கார்ந்திருக்கும் பிக்கார்டிடம் எரியும் கொள்ளி ஒன்றைத் தூக்கிப் போட்டுக் கொடுக்கும் இடத்தில் அந்த மனுஷனின் நல்ல மனசு முழுசாகத் தெரிகிறது. அப்புறம் காயம்பட்டுக் கிடக்கும் அவனுக்குப் பிக்கார்ட் நெருப்புக்குப் பக்கத்தில் கில்கமேஷ் என்ற பழங்கால ராஜாவின் கதை சொல்வார். அதைக் கேட்டபடியே டேத்தனுக்கு உயிர் போய்விடும். குறை என்றால் ஒன்று உண்டு, அதை அக்கா மகள் உடனே கேட்பாள்: கதையை வைத்துத்தான் பேசுவார்கள் என்றால் அந்தக் கதையைக் குழந்தைகளுக்கு முதலில் எந்த மொழியில் சொல்வார்கள், கப்பலுக்கு அளவு எப்படி எடுப்பார்கள்? எபிசோடு இதற்குப் பதில் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

இத்தனை இருந்தும் முதல் ராத்திரிக்கு நான் வைத்திருப்பது ‘த இன்னர் லைட்’. 1992 ஜூன் 1-ம் தேதி வந்தது, அடுத்த வருஷம் ஹியூகோ விருது வாங்கியது. மார்கன் ஜெண்டல் எழுதிய கதை, திரைக்கதையில் பீட்டர் ஆலன் ஃபீல்ட்ஸும் சேர்ந்தார்.

விண்வெளியில் மிதக்கும் ஒரு பழைய கருவி பிக்கார்ட் மேல் ஒரு கதிரைப் பாய்ச்சுகிறது, அவர் கப்பல் தரையில் விழுகிறார். கண் திறந்தால் கட்டான் என்ற கிரகத்தில், ரெஸ்ஸிக் என்ற சின்ன ஊரில், ஒரு வீட்டுக்குள் படுத்திருக்கிறார். காய்ச்சல் விட்டதா என்று ஒரு பெண் கேட்கிறாள். அவள் எலீன், அவர் மனைவியாம். அவர் பெயர் காமினாம், தொழில் இரும்பு நெசவாம். (சேலத்துக்காரர்களிடம் இரும்பையும் நெசவையும் ஒரே ஆளுக்குத் தொழிலாகச் சொன்னால் மாமா நிமிர்ந்து உட்காருவார்.) அஞ்சு வருஷம் அவர் நம்பவில்லை, ராத்திரியில் நட்சத்திரங்களைக் குறித்துக்கொண்டு தன் கப்பலைத் தேடுகிறார். அப்புறம் ஒரு நாள் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று அவரே கேட்கிறார். மகள் மெரிபோர், மகன் படாய். அந்த மகனாக நடித்தது பிக்கார்டாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன் டேனியல், முக ஜாடையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மனைவி போகிறாள், நண்பன் போகிறான், பேரன் வருகிறான். இதற்கிடையில் ஊர் காய்ந்துகொண்டே போகிறது. ஊர்ச் சதுக்கத்தில் ஒரு மரக்கன்று, ஒவ்வொரு வீட்டாரும் தங்களுக்கு அளந்து கிடைக்கும் தண்ணீரில் கொஞ்சம் அதற்கு ஊற்றுகிறார்கள். காமின் மண்ணைச் சோதித்துச் சோதித்துக் கடைசியில் புரிந்துகொள்கிறார், இது சாதாரண வறட்சி இல்லை, அவர்கள் சூரியனே வெடிக்கப்போகிறது. தப்பிக்க வழியில்லை. அப்போது அந்த ஜனங்கள் செய்தது, தங்கள் ஊர் வாழ்க்கையை ஒரு கருவியில் வைத்து வானத்துக்கு அனுப்பியது, யாராவது ஒருவர் கையில் கிடைத்தால் அவர் தங்களை நினைவில் வைத்துக்கொள்வார் என்று. அந்த யாரோ ஒருவர் தான்தான் என்று கிழவரான பிக்கார்டுக்கு அந்த ஏவுதலைப் பார்க்கும்போது தெரியவருகிறது. கண் விழித்தால் அதே கப்பல். நாற்பது வருஷம் மாதிரி வாழ்ந்தவருக்குக் கப்பலில் போனது 25 நிமிஷம். அந்த ஊர் அழிந்து ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது.

இந்த எபிசோடை முதலில் காட்டக்கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாதம் எனக்குப் புரிகிறது. பிக்கார்டை நூறு எபிசோடுக்கு மேல் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மனுஷன் குடும்பமே வேண்டாம் என்று இருந்தவர் என்பது உள்ளே இறங்கியிருக்கும், அதனால் பேரனைத் தூக்கும்போது அது தனியாக வலிக்கும். உண்மைதான். ஆனால் அதற்குப் பதிலாக நான் ஒரே வரி சொல்லப்போகிறேன்: இவர் கப்பலுக்குத் தலைவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். எங்கள் ஊரில் அப்படி ஒரு மாமா எல்லா வீட்டிலும் உண்டு, மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள். அப்புறம் வேறு குறைகளும் உண்டு, மறைக்கவில்லை. ஊர் செட் போட்ட ஊர் என்று தெரிகிறது, முதுமை மேக்கப் சில இடங்களில் ரப்பராக இருக்கிறது, ஒரு ராக்கெட் விடவே திணறும் ஜனங்களுக்கு ஒரு மனசுக்குள் ஒரு ஆயுளையே இறக்கும் கருவி எப்படிச் செய்யத் தெரிந்தது என்று கேட்டால் பதில் இல்லை. கேட்காமல் ஒருவர் தலையில் ஒரு ஆயுளை ஏற்றுவது சரியா என்ற கேள்வியும் இருக்கிறது, கப்பலில் அந்தக் கதிரைத் துண்டிக்கப் பார்க்கும்போது அவர் உயிரே போகப் பார்க்கிறது. இதெல்லாம் தெரிந்தும் இதையே போடுகிறேன்.

காரணம் அம்மாயி. அம்மாயியின் அம்மா பிறந்த ஊர் இப்போது மேட்டூர் அணைக்குள் இருக்கிறது. 1934-ல் அணை கட்டி முடிந்து தண்ணீர் தேங்கியபோது கிளம்பி வந்த குடும்பங்களில் அதுவும் ஒன்று. அணை நிரம்பினால் 120 அடி, அப்போது எதுவும் தெரியாது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருஷங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயில் நந்தியும் கிறிஸ்தவத் தேவாலயத்தின் கோபுரமும் தண்ணீருக்கு மேல் தலைகாட்டும், பரிசலில் போய்ப் பார்ப்பார்கள். அம்மாயி அந்த ஊரை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை, அணை வந்து பல வருஷம் கழித்துப் பிறந்தவர். ஆனால் கிணறு எந்தப் பக்கம், புளியமரம் யார் வீட்டு எல்லையில், மாரியம்மன் நோன்பிக்கு எந்தத் தெருவில் முதலில் மேளம் வரும் எல்லாம் சொல்வார், தானே நடந்த மாதிரி சொல்வார். எனக்கு விவரம் தெரிந்து அந்த ஊரைப் பற்றிச் சொல்வது இப்போது அவர் ஒருவர்தான். பிக்கார்ட் தலையில் ரெஸ்ஸிக் இருப்பதும் இப்படித்தான். இந்தக் கதையை விண்வெளிக் கதை என்று அம்மாயிக்கு நான் விளக்கவேண்டிய அவசியமே வராது என்று நினைக்கிறேன்.

ஒரு சின்ன விஷயமும் இருக்கிறது. எலீன் ஆரம்பத்தில் இருந்தே புருஷன் செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றிப் போடுகிறார் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். சாகும்போது அவள் கடைசியாகச் சொல்வதும் அதுதான், செருப்பை எடுத்து ஓரமாக வைக்க மறக்காதே என்று. அத்தை மாமாவிடம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது சொல்லும் வாக்கியம். அந்த இடத்தில் வசனம் நாலு வார்த்தை, மொழிபெயர்க்க ஒரு மூச்சு போதும்.

ஏற்பாடு இப்படி வைத்திருக்கிறேன். முதல் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், ஏழு மணிக்கே, ‘த இன்னர் லைட்’. சேலத்தில் இருந்து வாங்கிக்கொண்டு போகும் தட்டுவடை செட்டை அதற்கு முன்பே காலி பண்ணிவிடவேண்டும், அந்தக் கடமுட சத்தத்தில், கதையில் பிக்கார்ட் ஊதும் குழல் கேட்காது. முதல் அஞ்சு நிமிஷம் கப்பல் காட்சியில் மட்டும் நான் விடாமல் பேசுவேன், ஊருக்குள் போனபிறகு பேச்சைக் குறைத்துக்கொள்வேன். மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு ‘பிளிங்க்’, ரெண்டாவது ராத்திரி ‘டார்மாக்’. ‘த மெஷர் ஆஃப் எ மேன்’ அக்காவுக்கு, பொங்கலுக்கு அப்புறம்.

‘த இன்னர் லைட்’ முடியும் இடத்தில் ரைக்கர் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுப்பான், அந்தக் கருவிக்குள் இருந்ததாம். திறந்தால் காமின் ஊதிப் பழகிய குழல். படத்தில் பயன்படுத்திய அந்தக் குழல் 2006-ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 48,000 டாலருக்குப் போனது. பிக்கார்ட் அதை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பார், பிறகு ஜன்னல் பக்கம் நின்று, தன் குழந்தைக்கு ஊதிய அதே பாட்டை ஊதுவார். அதற்கு மேல் வசனம் கிடையாது. அங்கே நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, விளக்கையும் உடனே போடப்போவதில்லை, அம்மாயி ஏதாவது கேட்டால் மட்டும் பதில் சொல்வேன்.